ஆண் நாய்க்குக் கருத்தடை பண்ணினால் காவல் போய்விடுமா?

கேள்வி, அக்டோபர் 12

எங்கள் நாய்க்கு ஒன்றரை வயது. நாட்டு நாயும் லேப்ரடாரும் கலந்த ரகம். நீலகிரியில் அரவேணு பக்கம் தோட்டத்து வீடு. புரட்டாசி பிறந்ததிலிருந்து வீட்டில் தங்குவதே இல்லை. ராத்திரி கட்டிப்போட்டால் ஊளை, அவிழ்த்துவிட்டால் விடியற்காலையில் காதில் கடிபட்டு வருகிறது. டாக்டர் ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்கிறார். அப்பா, ‘பண்ணினால் நாய் சோம்பேறியாகிவிடும், குரைக்காது, காவலுக்கு ஆகாது’ என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பண்ணியவர்கள் யாராவது சொல்லுங்கள், அதற்கப்புறம் என்னதான் ஆகும்?

அக்டோபர் 12, இரவு

காவல் போகாது. எங்கள் டைகருக்குப் போன வருடம் பண்ணியாயிற்று. இன்றைக்கும் வேலிக்கு அந்தப்பக்கம் காட்டெருமை மூச்சுவிட்டால் போதும், கீழே லைன் வீடுகள் வரை எழுப்பிவிடுகிறான். குரைப்பதும் வேற்றாளைக் கண்டால் உறுமுவதும் விதையிலிருந்து வருகிற சமாச்சாரம் இல்லை. அப்படியிருந்தால் பெட்டை நாய் எதுவுமே காவல் காக்கக் கூடாதே. எங்கள் தெருவில் பால்காரரை கேட்டோடு நிறுத்தி வைப்பது ஒரு பெட்டைதான். உங்கள் அப்பாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், என் மாமனாரிடம் வேலை செய்தது.

குறைவது வேறு. பெட்டை வாசனை பிடித்து ஊர் சுற்றுவது, கண்ட காலில் ஏறுவது, கதவு, செருப்பு, கேஸ் சிலிண்டர் என்று எல்லாவற்றிலும் காலைத் தூக்குவது, மற்ற கடுவன்களோடு சண்டை. இதில் நன்றாகக் குறைவது ஊர் சுற்றல். மற்றவை நாய்க்கு நாய் மாறும்.

இந்த ஊர் சுற்றல்தான் நம் மலையில் முக்கியம். கீழே சமவெளியில் ராத்திரி சுற்றுகிற நாய் கடிபட்டுத் திரும்பி வரும். இங்கே திரும்பாமலே போகும். குன்னூர், கோத்தகிரி இரண்டு பக்கமும் சிறுத்தைக்கு நாய்தான் சுலபமான இரை. வராந்தாவில் கட்டியதையே தூக்கிக்கொண்டு போகிறது, தேயிலைக்குள் தனியாகப் போவதை விடுமா? டைகர் என்று பேர் வைத்தால் சிறுத்தை பயப்படும் என்று எங்கள் வீட்டில் ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். பேர் சொல்ல மாட்டேன், அவரும் இதைப் படிப்பார்.

அக்டோபர் 13

அப்பாவின் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். என் மாமனாருக்கு இருந்தது. அவர் சத்தியமங்கலம் பக்கம் காளைக்குக் காயடித்துப் பார்த்தவர். பர்டிசோ என்கிற பெரிய இடுக்கியை வைத்துத் தோலுக்கு மேலேயே நரம்பை நசுக்குவது. காளை அப்புறம் சாந்தமாகி ஏர் இழுக்கும். நாயும் அப்படியே ஏர்க்காளை மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. நாய்க்குப் பண்ணுவது அந்த வேலையே இல்லை. மயக்க மருந்து கொடுத்து, விதைப்பைக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன வெட்டு. அதன் வழியாக இரண்டு விதைகளையும் எடுத்து, ரத்தக்குழாயையும் விந்துக்குழாயையும் கட்டிவிட்டுத் தைப்பார்கள். பெட்டைக்குப் பண்ணுவது மாதிரி வயிற்றைத் திறக்கிற வேலை இல்லை. ஆனால் ஒரு விதை கீழே இறங்காமல் உள்ளேயே இருந்தால் கதை வேறு, அப்போது வயிற்றிலோ தொடை இடுக்கிலோ தேடி எடுக்க வேண்டும். முன்னாடியே டாக்டர் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

தேதி வாங்கும்போது ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தேயிலைக்குள் புரள்கிற நாய்க்கு உண்ணி இல்லாமல் இருக்காது. உண்ணிக் காய்ச்சல் உள்ளே இருந்தால் ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் குறைந்திருக்கும். வெளியே நாய் வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும், ஆபரேஷன் மேஜையில் ரத்தம் நிற்காது. பரிசோதனை பண்ணினால் தெரிந்துவிடும், மருந்து கொடுத்துத் தட்டணு ஏறிய பிறகு பண்ணிக்கொள்ளலாம், அவசரம் ஒன்றும் இல்லை.

முந்தின ராத்திரி லேசாகச் சாப்பாடு, அதற்கப்புறம் எதுவும் கூடாது. தண்ணீர் எதுவரை என்று டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். பாவமாக இருக்கிறதே என்று காலையில் யாராவது பிஸ்கட் போட்டுவிடுவார்கள், மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் பிஸ்கட் டப்பாவை அன்றைக்கு பீரோவில் வைத்துப் பூட்டினோம்.

அக்டோபர் 15

முதல் ராத்திரி பற்றி எழுதுங்கள் என்று தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார்.

கண் திறந்திருக்கும், ஆள் உள்ளே இருக்காது. பின்னங்கால் பின்னும், சுவரைப் பார்த்து நிற்கும், ஒரே சுருதியில் முனகும். அந்த முனகல்தான் நம்மைக் கொல்லும். பாதி வலி, பாதி மயக்கம் தெளிகிற குழப்பம். வலிக்கு ஊசி போட்டுத்தான் அனுப்புவார்கள், அதனால் பயந்து நடுராத்திரி எதையும் கொடுக்க வேண்டாம். தொண்டைக்குள் குழாய் போட்டு மயக்கம் கொடுத்திருந்தால் ஒன்றிரண்டு நாள் லேசாக இருமும். மலம் வர ஒன்றிரண்டு நாள் ஆகலாம், ஆபரேஷனுக்காகப் பட்டினி போட்டது, உள்ளே ஒன்றும் இல்லை. சாயங்காலம் தெளிந்ததும் கொஞ்சம் தண்ணீர், அது தங்கினால் ஒரு கைப்பிடி குழைந்த சாதம். ஒரு தட்டு நிறையப் போட்டால் அத்தனையும் மெத்தையில்தான்.

வண்டியில் வரும்போது கட்டபெட்டு வளைவுகளிலேயே வாந்தி எடுக்க வாய்ப்பு உண்டு, நல்ல நாளிலேயே பல நாய்களுக்கு அது சகஜம். தலையும் கழுத்தும் நேராக இருக்கும்படி மடியில் படுக்க வையுங்கள், வாயைக் கட்டாதீர்கள்.

குளிர் முக்கியம். மயக்கம் தெளிகிற நாயால் உடம்புச் சூட்டைத் தக்கவைக்க முடியாது. நம் ஊர் சிமெண்ட் தரையில் போட்டால் நடுங்கி நடுங்கியே விடியும். கீழே சாக்கை மடித்துப் போட்டு, மேலே கம்பளி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில். பாட்டிலை நேராக உடம்போடு வைத்தால் தோல் வெந்துவிடும், அதற்கு நகரக்கூடத் தெம்பு இருக்காது.

அக்டோபர் 15, கொஞ்ச நேரம் கழித்து

நாய்க்குக் குளிருமே என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். நாய்க்கும் கூடப் படுக்கிறவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அதிலிருந்து வருகிற விஷவாயுவில் மனிதர்கள் செத்த கதை நீலகிரியில் எல்லோருக்கும் தெரியும், இருந்தும் வருடா வருடம் யாராவது வைக்கிறார்கள்.

அக்டோபர் 19

மூன்றாம் நாள்தான் உண்மையான தொல்லை ஆரம்பம். நாய்க்குத் தான் குணமாகிவிட்டோம் என்ற நினைப்பு வந்துவிடும், தையலுக்கு அந்த நினைப்பு இருக்காது. குதிக்கும், படியேறும், பூனையைத் துரத்தும். பத்திலிருந்து பதினான்கு நாள் வரை கயிற்றில் பிடித்து ஒன்றுக்கு இரண்டுக்கு மட்டும் வெளியே, அவ்வளவுதான். நம் வீடுகள் எல்லாம் படிக்கட்டில் கட்டியவை, வாசலுக்குப் போவதற்குள் இருபது படி, அதனால் கீழ்த்தளத்தில் ஒரு அறையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற கோன் கட்டாயம். கோனோடு டைகர் நடந்தது கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கர் குழாய்க்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. நிலையில் இடிப்பான், அப்படியே நிற்பான், பின்னால் போகத் தெரியாது, யாராவது வந்து திருப்பிவிட வேண்டும். சாப்பாட்டுத் தட்டு கோனுக்குள் நுழையவில்லை என்று ஒரு சின்னக் கிண்ணத்தைச் செங்கல் மேல் வைத்தோம். பரிதாபப்பட்டு ‘ஒரு நிமிஷம்’ என்று கழற்றுவது வேண்டவே வேண்டாம். தையலைப் பிரிக்க நாய்க்கு அந்த ஒரு நிமிஷம் தாராளம். நாய் நக்கினால் புண் ஆறும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நக்கினால் தையல் போகும், வாயில் இருக்கிற கிருமி உள்ளே போகும்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் வெட்டில் வைக்காதீர்கள். காய்ந்து இருக்க வேண்டிய இடம் அது. தையல் பிரிக்கும்வரை குளிப்பாட்டக் கூடாது. உள்ளேயே கரைகிற நூல் போட்டிருந்தாலும் ஆறும்வரை அதே விதி. இந்த ஐப்பசி மழையில் நனைவதும் குளிப்பதும் ஒன்றுதான்.

அக்டோபர் 20

மழை என்று எழுதிய பிறகுதான் அட்டை ஞாபகம் வந்தது. வெட்டுகிற இடத்தில் மயிரை வழித்திருப்பார்கள், தொடை இடுக்கு வெறும் தோலாக இருக்கும், ஈரப்புல்லில் உட்கார்ந்தால் அட்டைக்கு விருந்து. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் உறையாது, சொட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா தன் நாய்க்குத் தையல் பிரிந்துவிட்டது என்று அழுதுகொண்டே ஓடி வந்தார். கோனைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் தையல் ஜோராக இருக்கிறது, ஒரு விரற்கடை தள்ளிக் குண்டாக ஒருத்தர் தொங்கிக்கொண்டிருக்கிறார். உப்பை அந்த இடத்தில் கொட்டாதீர்கள், தையலில் பட்டால் எரியும். நகத்தால் ஓரமாகத் தள்ளி எடுத்துவிட்டு, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

அதே டார்ச்சில் விதைப்பையையும் பாருங்கள். எடுத்த பிறகும் பை அப்படியே உப்பித்தான் இருக்கும், சிலர் ‘டாக்டர் எடுக்காமலே அனுப்பிவிட்டார்’ என்று சண்டைக்குப் போவார்கள். லேசான வீக்கமும் கொஞ்சம் ஊதா நிறமும் வரும், சில நாளில் இறங்கும். இள நாய்க்குப் பை சுருங்கிக் கிட்டத்தட்டக் காணாமல் போகும், வயசான நாய்க்குத் தோல் கொஞ்சம் தொங்கும். நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போய், முன்பு இருந்ததைவிடப் பெரிதாகக் கெட்டியாக ஆனால், உள்ளே ரத்தம் கட்டுகிறது. ரத்தம் சொட்டுவது நிற்காமல் இருந்தாலோ, ஈறு வெளுத்துப் போனாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ, மறுநாளும் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ காத்திருக்காதீர்கள். இங்கே எழுதிக் கேட்டுக்கொண்டும் இருக்காதீர்கள், வண்டியை எடுங்கள்.

அக்டோபர் 24

‘வலிக்கு நமக்கு வாங்கின மாத்திரையில் பாதி கொடுக்கலாமா’ என்று கேட்ட அண்ணாவுக்கு: கூடாது. இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் நாய்க்குக் குடலில் புண் வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமாலும் அளவு தப்பினால் கல்லீரலைப் பதம் பார்க்கும். பெரும்பாலும் டாக்டர் எழுதுவது மெலாக்சிகாம், அதையும் எடை பார்த்து, சாப்பாட்டுக்கு அப்புறம்.

டைக்ளோஃபினாக் என்றதும் இன்னொன்று. மாடுகளுக்கு அதைப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு நாடு முழுக்கப் பெருமளவு அழிந்தன. 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். தென்னிந்தியாவில் மிச்சமிருக்கிற பாறுக் கழுகுகளில் பெரும்பகுதி நமக்குக் கீழேதான், மாயாறு, சீகூர் பள்ளத்தாக்கில். அந்தத் தடைக்கு அப்புறம் கழுகுக்கு ஆபத்தில்லாத மாற்று என்று முன்னுக்கு வந்ததுதான் மெலாக்சிகாம். கோடநாடு காட்சிமுனையில் மஞ்சு விலகினால் நான் முதலில் வானத்தைத்தான் பார்ப்பேன், பள்ளத்தாக்கை அப்புறம். சரி, நாய்க்கு வருவோம்.

நவம்பர் 3

கேள்வி கேட்டவர் பண்ணிவிட்டார், அப்பாவே மடியில் வைத்துக் கூட்டி வந்தாராம். இப்போது புகார்: ‘இன்னும் பெட்டை பின்னால் இழுக்கிறான், காசு வீணா?’

வீண் இல்லை. ஹார்மோன் ரத்தத்தில் சீக்கிரமே இறங்கிவிடும், பழக்கம் இறங்க வாரங்களும் மாதங்களும் ஆகும். ஒன்றரை வருடம் தேயிலைக்குள் தேடிப் போய்ப் பழகிய கால், ஒரே நாளில் நிற்காது. சின்ன வயதிலேயே பண்ணினால் பழக்கம் ஊறியிருக்காது, வயசானதற்குப் பண்ணினால் அரைகுறையாகத் தங்கிவிடலாம். இதைவிட முக்கியம், குழாயில் மிச்சமிருக்கிற விந்தணு சில வாரம் உயிரோடு இருக்கும். அதனால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் பெட்டைகளிடம் விடாதீர்கள். ஆபரேஷன் ஆன நாயால் குட்டி பிறந்தால் ஊரில் டாக்டரைத்தான் சொல்வார்கள்.

நவம்பர் 4

சண்டை குறையும் என்று முதல் நாள் எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு வேண்டும். பெட்டைக்காக மற்ற கடுவனோடு போடுகிற சண்டை குறையலாம். பயத்தில் கடிக்கிற நாய், தட்டில் கை வைத்தால் கடிக்கிற நாய், குழந்தைகளைக் கண்டால் பல்லைக் காட்டுகிற நாய், இதெல்லாம் விதை எடுத்தால் தீராது. பயந்த சுபாவம் உள்ள சில நாய்க்குப் பயம் கூடவும் கூடும். ‘கடிக்கிறது, அதனால் பண்ணிவிடலாம்’ என்று போகிறவர்கள் முதலில் ஏன் கடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். தலையணையில் ஏறுகிற பழக்கமும் சிலதுக்குப் போகாது, அது விளையாட்டு, உற்சாகம் வந்தால் ஏறும். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் சோபா தலையணையை உள்ளே எடுத்து வைக்கிறோம், இன்னும்.

நவம்பர் 17

‘பண்ணினால் நாய் குண்டாகிவிடும்.’ ஆகும், நாம் ஆக்கினால். ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்புக்குத் தேவையான சக்தி குறையும், பசி கூடும். தட்டைக் கால் பங்கு குறைத்துவிட்டு மாதாமாதம் எடை பார்த்தால் ஒன்றும் ஆகாது. விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு.

எங்கள் வீட்டில் தட்டைக் குறைத்தும் டைகர் உருண்டான். எனக்குப் புரியவே இல்லை. ஒருநாள் காலையில் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தால், மாமனார் வாசல் திண்டில் டீயோடு உட்கார்ந்திருக்கிறார், கையில் ஊட்டி வர்க்கி. தனக்கு ஒரு கடி, கீழே ஒரு துண்டு, தனக்கு ஒரு கடி, கீழே ஒரு துண்டு. வனஸ்பதி கொட்டிச் சுட்ட பண்டம் அது, புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது, நாய்க்கு வாங்கவில்லை. ‘ஆபரேஷன் ஆன பிள்ளைக்குத் தெம்பு வேண்டாமா’ என்றார். காவலுக்கு ஆகாது என்று ஊரைக் கூட்டியவர் இவர்தான். இப்போது வர்க்கிக்குப் பதில் கேரட். நம் ஊரில் அதற்கா பஞ்சம்.

நவம்பர் 29

‘தெருநாய்க்குப் பண்ணி விடுகிறார்கள், கோனும் இல்லை ஒன்றும் இல்லை, வீட்டு நாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு அலட்டல்?’ நியாயமான கேள்வி. பண்ணிய அன்றே தெருவில் விடுவதில்லை. சில நாள் கூண்டில் வைத்துக் காயம் பார்த்து, வெறிநாய்க்கடி ஊசி போட்டு, காதில் அடையாள வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும், பொதுவாக விதி அப்படி. ஊட்டிப் பக்கம் டபிள்யூ.வி.எஸ். (வேர்ல்ட்வைடு வெட்டரினரி சர்வீஸ்) என்கிற தொண்டு நிறுவனத்தின் பயிற்சி மையத்தில் வெளியூர் கால்நடை டாக்டர்களெல்லாம் வந்து இந்த ஆபரேஷனைக் கற்றுக்கொண்டு போகிறார்கள். தினமும் இதையே செய்கிற கைக்கு வெட்டு சின்னதாக இருக்கும், சின்ன வெட்டு சீக்கிரம் ஆறும். நம் நாய்க்கு மெத்தை, சோபா, குதிக்க மாடிப்படி, நக்க நாள் முழுக்க நேரம்.

தெருநாய் என்றதும், ஆண் நாய்க்குக் குறியிலிருந்து ரத்தம் சொட்டினால் உடனே காட்டுங்கள். இனச்சேர்க்கையில் தொற்றுகிற ஒரு கட்டி உண்டு, காலிஃபிளவர் மாதிரி இருக்கும். வின்கிரிஸ்டின் ஊசி வாராவாரம் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கருத்தடை பண்ணினால் இது வருகிற வழியே பெரிய அளவில் அடைபடும். விதையில் புற்று வர வழியில்லை, வயசான பிறகு மூத்திரப்பைக்குப் பக்கத்தில் இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரம் கழிக்கவும் மலம் கழிக்கவும் முக்குகிற தொல்லையும் வராது. சுரப்பியில் வருகிற புற்றுநோயைத் தடுக்கும் என்று சிலர் சொல்வது மட்டும் சரியில்லை, அது தடுபடாது.

டிசம்பர் 10

குன்னூரிலிருந்து ஒருவர், லேப்ரடார் குட்டிக்கு ஆறு மாதம், இப்போதே பண்ணலாமா என்கிறார். நாட்டு நாய், சின்ன ரகம் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் சரி என்பார்கள். பெரிய ரகத்துக்கு எலும்பு வளர்ந்து முடிய விடுங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கோல்டன் ரெட்ரீவர், லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று பல ரகங்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். முதல் கட்டுரை 2013இல் வந்தது. ஒரு வயதுக்கு முன் பண்ணியவற்றில் மூட்டுத் தொல்லை கூடுதல், எவ்வளவு கூடுதல் என்பது ரகத்துக்கு ரகம் வேறு. நம் மேடு பள்ளத்தில் மூட்டு போன லேப்ரடாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு வயது, ஒன்றரை வயது வரை பொறுங்கள், அதுவரை கேட்டைப் பூட்டிவையுங்கள்.

டிசம்பர் 11

இதை எழுதாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், முடியாது போலிருக்கிறது. ஆபரேஷன் ஆன நாய்க்கும் உற்சாகம் வந்தால் குறியின் அடிப்பக்கம் இரண்டு பக்கமும் உருண்டையாக வீங்கும். அது விதை இல்லை, திரும்ப முளைக்கவும் இல்லை, ஆண் நாயின் உடம்பமைப்பே அப்படி. கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக இறங்கிவிடும். அரை மணி நேரம் தாண்டியும் உள்ளே போகாமல் வெளியே நின்று காய்ந்தால் மட்டும் டாக்டரிடம் போங்கள். அந்தப் போட்டோவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதை எல்லோரும் தயவுசெய்து நிறுத்துங்கள். என் மொபைல் பாதி நேரம் மாமனார் கையில்தான் இருக்கிறது, அவர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கருத்து சொல்கிறார்.